மறந்த கடவுச்சொல்லும் மீட்சிக்கான மார்க்கங்களும்

கணினியின் நிர்வாகிக் கடவுச்சொல்லை மறந்து தவிப்பவர் ஒவ்வொருவரும், அந்தச் சொல்லைக் கணினிக்குள்ளிருந்தே எப்படியாவது எடுத்துவிட முடியாதா என்றுதான் முதலில் கேட்கிறார். அது அங்கே இல்லை என்பதே அதற்குரிய பதில். விண்டோஸ் கணினியில் நாம் அமைக்கும் கடவுச்சொல் ஒரு கணித முறையால் உருமாற்றப்பட்டு, 'ஹாஷ்' எனப்படும் அதன் விளைவு மாத்திரமே 'சாம்' என்னும் கோப்பில் பத்திரப்படுத்தப்படுகிறது. பின்னர் நாம் தட்டும் சொல்லும் அவ்விதமே உருமாற்றப்பட்டு அதனோடு ஒப்பிடப்படுகிறது. அரைத்த மாவு மீண்டும் அரிசியாகாதது போல, ஹாஷிலிருந்து சொல்லை நேராகத் திரும்பப் பெற இயலாது. ஆகவே மீட்சி என்பது பழைய சொல்லைத் தேடுவதன்று. புதியதை அமைக்கும் உரிமை நமக்கு உண்டென்று நிரூபிப்பதேயாகும்.

மைக்ரோசாஃப்ட் கணக்கின் மூலம் கணினியில் நுழைபவருக்கு இது சுலபம். கைப்பேசியிலிருந்தோ வேறொரு கணினியிலிருந்தோ அந்நிறுவனத்தின் தளத்துக்குச் சென்று, முன்பே பதிவு செய்த எண்ணுக்கோ மின்னஞ்சலுக்கோ வரும் ரகசியக் குறியீட்டைக் கொடுத்துப் புதிய கடவுச்சொல்லை அமைத்துக்கொண்டு, கணினியை இணையத்தில் இணைத்து அதனைக் கொண்டே நுழையலாம். கணினிக்குள் மட்டுமே இருக்கும் உள்ளூர்க் கணக்காயின், 2018-இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பு முதல், தவறான சொல்லைத் தட்டியவுடன் கீழே தோன்றும் இணைப்பைச் சொடுக்கி, முன்னரே அமைத்த மூன்று பாதுகாப்புக் கேள்விகளுக்கு விடையளித்தால் போதும். முன்கூட்டியே பென் டிரைவில் தயாரித்து வைத்த மீட்புக் கோப்பும் அவ்வாறே உதவும்.

இவை இல்லாதவர், அதே கணினியில் நிர்வாகி உரிமையுடைய மற்றொரு கணக்கிலிருந்து கண்ட்ரோல் பேனல் வழியே கடவுச்சொல்லை மாற்றச் சொல்லலாம். ஆனால் விண்டோஸின் குறியாக்க வசதியால் அந்தக் கணக்கில் பூட்டி வைத்த கோப்புகளும், சேமித்த கடவுச்சொற்களும் அதனால் கைநழுவிப் போகக்கூடும். அத்தகைய கணக்கும் இல்லையெனில், நுழைவுத் திரையில் 'ஷிஃப்ட்' விசையை அழுத்தியவாறே 'ரீஸ்டார்ட்' கொடுத்து, 'டிரபிள்ஷூட்' பகுதியிலுள்ள 'ரீசெட் திஸ் பிசி' மூலம் அனைத்தையும் அழித்து விண்டோஸைப் புதிதாக நிறுவுவதே மிச்சமுள்ள உபாயம். வட்டு குறியாக்கம் செய்யப்படாததாயின், அதற்கு முன் அதைக் கழற்றி வேறொரு கணினியில் பொருத்திக் கோப்புகளைப் பிரதியெடுத்துக்கொள்ளலாம்.

விண்டோஸின் 'பிட்லாக்கர்' என்னும் வசதியால் குறியாக்கம் செய்யப்பட்ட வட்டோ 48 இலக்க மீட்பு எண் இல்லாமல் வெளியிலிருந்து திறவாது. அந்த எண் தொலைந்தால் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தாலும் அதை உண்டாக்கித் தர இயலாது. உரியவருக்கே இத்தனை கடினமா என்று சலித்துக்கொள்வது நியாயமன்று. மடிக்கணினியைத் திருடிச் சென்றவனிடமிருந்து நம் கடிதங்களையும் கணக்குகளையும் குடும்பப் படங்களையும் காப்பதும் இதே கண்டிப்புத்தான்.

எனவே வாசகர்கள், கடவுச்சொல் நினைவில் இருக்கும் இன்றைக்கே, மைக்ரோசாஃப்ட் கணக்கிலுள்ள தொலைபேசி எண் நடப்பில் இருக்கிறதா என்று சரிபார்த்து, பிட்லாக்கர் எண்ணைக் காகிதத்தில் எழுதிப் பத்திரப்படுத்தி, முக்கியமான கோப்புகளுக்கு வேறொரு வட்டில் பிரதி எடுத்து வைக்க வேண்டுகிறேன்.