பூங்காவில் மரம் வைக்கும் முன்…

ஒரு ஹெக்டேருக்கு மேலான இடத்தை மனைகளாகப் பிரித்தால், சாலை போக மீதியில் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக விட்டு ஒப்படைக்க வேண்டும் என்பது சென்னைப் பெருநகர விதி. தாம்பரம், சேலையூர், செம்பாக்கம் பக்கத்துச் சின்னப் பூங்காக்கள் பலவும் இப்படி வந்தவைதான். மழைக்காலத்தில் நம்மைப் போன்றவர்கள் கன்றுகளோடு அங்கே போய் நிற்கிறோம். அடுத்த கோடையில் போனால் பாதி இருக்காது. ஆடு தின்றது கொஞ்சம், ஆள் பிடுங்கியது கொஞ்சம்.

பிடுங்கினவரைத் திட்டிப் பயனில்லை. வரப்பில் மரம் வைத்தால் நிழல் பக்கத்து வயலில் விழும், அதனால கேட்டுட்டுத்தானே வைப்போம்? பூங்காவுக்கும் அதே நியாயம்தான்.

உட்கார்ந்து பேசினால் காரணம் வெளியே வரும். "அடர்த்தியா வெச்சா பொழுது சாஞ்சதும் பொம்பளைங்க நடக்க முடியாதுங்க" என்றார் ஒரு அம்மா. நூற்றுக்கு நூறு உண்மை. மியாவாக்கி முறையில் சதுர மீட்டருக்கு மூன்று, நான்கு கன்றுகள். தரையிலிருந்தே அடர்ந்து பார்வையை மறைக்கும். நடமாட்டமில்லாத இடத்துக்கு அது சரி. நாலு கிரவுண்டு பூங்காவுக்கு வேண்டாம் என்பேன். நடுவில் பிள்ளைகளுக்குத் திடல் விடுங்கள். மேற்கு, தெற்கு ஓரங்களில் 15 அடிக்கு ஒன்றாக ஒற்றை வரிசை வைத்து, வளர வளரக் கீழ்க்கிளைகளைக் கவாத்து செய்தால் போதும். மாலை வெயிலும் தடுபடும்.

"பாம்பு வருது" என்பார்கள். எலிக்குத்தான் பாம்பு வரும். எலி குப்பைக்கு வரும். சருகை மூலையில் குழி வெட்டி மக்க வைத்தால் மரத்துக்கே உரம்.

அடுத்தது புயல் பயம். 2016 டிசம்பர் வர்தாவில் சாய்ந்த மரங்களை யாரும் மறக்கவில்லை. மரத்தைச் சுற்றி சிமெண்ட் போட்டு வேரை நெரித்தால் எந்த மரமும் சாயும் என்பது வேறு கதை. இந்த மண்ணுக்கு எது நிற்கும் என்று அறிய, 1937-இல் தாம்பரத்துக்கு வந்த கிறித்தவக் கல்லூரி வளாகத்தையும் நன்மங்கலம் காட்டையும் பாருங்கள். பூங்கா ஓரத்துக்கு மகிழம், புன்னை, பூவரசு, புங்கன் போதும்.

கோட்டூர்புரத்தில் அடையாற்றங்கரைக் குப்பைமேட்டை 2006 முதல் 'நிழல்' அமைப்பு மரப்பூங்காவாக்கியது. தன்னார்வலர்கள் தொடர்ந்து வந்து உழைத்ததால் நிற்கிறது. ஆகவே மாநகராட்சியில் அனுமதி வாங்கும்போதே, முதல் இரண்டு கோடைக்கு எந்த வீடு எந்தக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றும் என்று எழுதிவிடுங்கள். குழி வெட்டுமுன் சுண்ணாம்பால் வட்டம் போட்டு எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டுங்கள். "இங்க வேணாம், அங்க வைங்க" என்பதோடு பல சண்டை முடிந்துவிடும்.

நாவல் கேட்பார்கள், வையுங்கள், ஆனால் வண்டி நிறுத்தும் பக்கம் வேண்டாம். ஆனி, ஆடியில் காரெல்லாம் கறையானால் அந்தப் பஞ்சாயத்தைத் தீர்க்க ஆளில்லை.