கர்னலின் கதை – 9: கார்டு போச்சா, டிரைவர் போச்சா?

தமிழக அரசு 2011 செப்டம்பரில் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அப்போது வந்த பெட்டிகளில் விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. பென்னாகரம், அரூர், பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் எத்தனையோ வீடுகளுக்குள் நுழைந்த முதல் கம்ப்யூட்டர் அதுதான். அந்தப் பெட்டியைச் சர்வீஸுக்குக் கொடுத்து, விண்டோஸைப் புதிதாக ஏற்றி வாங்கி வந்தால் சில நேரம் வைஃபை இருக்காது. "கார்டு போயிடுச்சுங்க, மாத்தணும்" என்பார் கடைக்காரர். பல நேரம் இது அவசரத் தீர்ப்பு.

கார்டு உயிரோடு இருக்கிறதா என்பதை இயங்குதளத்தின் மையமான கர்னல் எப்படித் தெரிந்துகொள்கிறது? நேராகக் கேட்டுத்தான். 1992-இல் வந்த பிசிஐ முறையில், ஒவ்வொரு சாதனமும் தன் கான்ஃபிகரேஷன் ஸ்பேஸின் தொடக்கத்திலேயே இரண்டு எண்களை வைத்திருக்க வேண்டும்: தயாரித்த நிறுவனத்தின் எண், சாதனத்தின் எண். சாதனங்கள் இணையும் பாதையான ஒரு பஸ்ஸில் 32 இடங்கள், ஒவ்வோர் இடத்திலும் 8 பகுதிகள். கர்னல் வரிசையாகப் போய் நிறுவன எண்ணைப் படிக்கும். அங்கே யாரும் இல்லையென்றால் எல்லா பிட்டும் ஒன்றாக, அதாவது 65535 என்று வரும். ஆள் இருந்தால் பெயர் சொல்லும். பதினாறடிமான முறையில் எழுதினால் இன்டெல்லின் எண் 8086. 1978-இல் அது வெளியிட்ட புகழ்பெற்ற சிப்பின் பெயரையே பதிவு எண்ணாகவும் வாங்கிக்கொண்டது. குறும்புதான்!

சாதனத்தை இயக்கும் நிரலான டிரைவரை எழுதுபவர், அந்தச் சாதனத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. 'இந்த இந்த எண்களுக்கு நான் பொறுப்பு' என்று ஒரு பட்டியல் கொடுத்தால் போதும். எண் பொருந்தியதும் அந்த டிரைவரின் 'ப்ரோப்' ஃபங்ஷனைக் கர்னலே கூப்பிடும். சாதனத்தை இயக்குவது, அதன் முகவரிகளைக் கைப்பற்றுவது எல்லாம் அதற்குப் பிறகுதான்.

பிசிஐ-க்கு முன்பு இருந்த ஐஎஸ்ஏ முறையின் காலத்தில் இந்த மரியாதையெல்லாம் கிடையாது. டிரைவர் ஒவ்வொரு போர்ட்டாகத் தட்டிப் பார்க்கும். நெட்வொர்க் கார்டைத் தேடித் தட்டிய இடத்தில் வேறொரு கார்டு இருந்துவிட்டால் மெஷின் அப்படியே உறைந்துபோகும். 'இந்த முகவரிப் பக்கம் போகாதே' என்று கர்னலுக்குச் சொல்லி வைக்கவே லினக்ஸில் தனியாக ஒரு பூட் ஆப்ஷன் உண்டு.

கேட்டால் பதில் சொல்லத் தெரியாத சாதனங்கள் இன்றும் இருக்கின்றன. ராஸ்பெர்ரி பை போர்டில் ஐ2சி கம்பியில் மாட்டும் வெப்பநிலை சென்சாருக்குத் தன் பெயர் சொல்லும் பொதுவழி கிடையாது. எது எங்கே இருக்கிறது என்று டிவைஸ் ட்ரீ என்ற கோப்பில் மனிதர்தான் எழுதித் தர வேண்டும். அதில் சாதனத்தின் பெயரில் ஒரு எழுத்து பிசகினாலும் டிரைவர் சும்மா கிடக்கும், பல நேரம் பிழைச்செய்திகூட வராது. என்னைக் கேட்டால், டிரைவர் வேலையில் பொறுமையைச் சோதிக்கும் இடம் இதுதான்.

மீண்டும் வைஃபைக்கு வருவோம். பாஸ் இன்னும் பெட்டியில் இருந்தால் டெர்மினலைத் திறந்து எல்எஸ்பிசிஐ கட்டளையை -என்என்கே சேர்த்து அடியுங்கள். எண்கள் வந்து, கீழே டிரைவர் பெயர் இல்லாவிட்டால் தேட வேண்டியது டிரைவரைத்தான். அந்தக் கார்டே பட்டியலில் இல்லையென்றால், ஒருமுறை கழற்றி மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். விண்டோஸ் மட்டும் இருந்தால் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் ஆச்சரியக்குறி உள்ள வரியின் ஹார்ட்வேர் ஐடியைப் பாருங்கள். அங்கேயும் அதே இரண்டு எண்கள்தான். தருமபுரி நான்கு ரோட்டுக் கடையானாலும் சென்னை ரிச்சி தெருவானாலும், அந்த எண்ணைக் காட்டச் சொல்லாமல் புதுக் கார்டுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.