அறுபத்தோராவது சீட்டு

அமெரிக்கக் கணித அறிஞர் றிச்சர்ட் கார்பீல்ட் ஆக்கி, 1993ஆம் ஆண்டு வெளிவந்த 'மஜிக்: த கதறிங்' என்னும் மந்திரப்போர்ச் சீட்டாட்டத்திலே, ஆடுவோரே தத்தம் கட்டினை அமைத்தல் வேண்டும். பொதுவான போட்டி விதிப்படி, கட்டொன்றில் 60 சீட்டுகளேனும் இருத்தல் வேண்டும், மேலெல்லை இல்லை.

எவ்வெதிரியையும் வெல்ல விழையும் புதியவன் ஐந்து நிற மந்திரங்களையும் அள்ளிச் சேர்க்கிறான். மந்திரம் ஒரு நிறத்து ஆற்றலைக் கேட்கிறது. கையிலுள்ள நிலச்சீட்டோ வேறொன்றைத் தருகிறது. வலிய சீட்டுகளை ஏந்தியவாறே அவன் தோற்கிறான்.

தேர்ந்தவனோ பெரும்பாலும் இரண்டொரு நிறங்களோடு அமைகிறான். கட்டில் ஏறத்தாழ ஐந்திலிரு பங்கை நிலத்துக்கே ஒதுக்குகிறான். எச்சூழலிலும் உதவும் சீட்டாயின் விதி அனுமதிக்கும் நான்கு படிகளையும் கொள்கிறான். ஓரெதிரிக்கு மாத்திரம் உதவுவனவற்றை 15 சீட்டுப் பக்கக்கட்டில் வைத்து, முதலாட்டத்தின்பின் மாற்றுகிறான்.

அறுபத்தோராவது சீட்டை விதி தடுப்பதில்லை. எனினும், மிகையாய்ச் சேரும் ஒவ்வொன்றும் சிறந்த சீட்டு கைக்கு வரும் வாய்ப்பைக் குறைக்குமென அறிந்து, அவனே அதனை விலக்குகிறான்.