பின்வாசலில் ஆறுமணிக்குருவி

மார்கழி விடியலில், ஆறு மணி சுமாருக்குக் கொல்லைப் பக்கம் இரட்டைச் சீழ்க்கை ஒன்று கேட்கும். அந்தி ஆறு மணிக்கு மறுபடியும் கேட்கும். இந்த வழக்கத்தாலேயே அந்தப் பறவைக்கு ஆறுமணிக்குருவி என்று பெயர். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்தில் தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் வருகிறது. பச்சை முதுகு, சிறகில் நீலம், கண்ணோரம் கரும்பட்டை, வாலடியில் சிவப்பு. இந்திக்காரர்கள் இதை நவரங் என்கிறார்கள்.

இதைப் படமெடுக்கக் காடு மலை ஏற வேண்டாம். முழங்கால் தேய்ந்தவரும் சக்கர நாற்காலியில் இருப்பவரும் பின்வாசலிலிருந்தே எடுக்கலாம். பறவையை மிரட்டுவது பெரும்பாலும் நம் அசைவுதான். தினமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் உட்கார்ந்திருப்பவரை அது நாளடைவில் சட்டை செய்வதில்லை.

முதலில், மரத்தடிச் சருகைக் கூட்டுவதை நிறுத்துங்கள். தானியம் தூவினால் புறாவும் அணிலும்தான் வரும். ஆறுமணிக்குருவிக்குப் புழு பூச்சிதான் உணவு. சருகை அலகால் புரட்டித் தேடும். பக்கத்தில் அகலமான மண்தட்டில் இரண்டு விரல்கடை ஆழத்துக்குத் தண்ணீர் வையுங்கள். மேலே ஊசித்துளை போட்ட பாட்டிலைக் கட்டிச் சொட்டவிட்டால், அரசவால் ஈப்பிடிப்பான்கூடக் கிளையிலிருந்து பாய்ந்து ஒரு முழுக்குப் போட்டுவிட்டுப் போகலாம். தண்ணீரைத் தினமும் மாற்றாவிட்டால் கொசு முட்டையிட்டுவிடும்.

சாதாரண டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். கேமராவும் 300 மி.மீ. லென்ஸும் போதும். 4 மீட்டர் தூரத்தில், 19 செ.மீ. நீளமுள்ள இந்தக் குருவி படத்தின் அகலத்தில் பாதிக்கு மேல் நிறைந்துவிடும். கம்பிக் கதவு குறுக்கே நிற்கிறதா? லென்ஸைக் கம்பியை ஒட்டி வைத்து அப்பர்ச்சரை முழுதாகத் திறந்துவிடுங்கள்; கம்பி மங்கிக் கரைந்துபோகும். கை நடுங்கினால், அரிசி நிரப்பிய துணிப்பையைத் திண்டில் போட்டு அதன்மேல் லென்ஸைக் கிடத்துங்கள். நிழலில் வெளிச்சம் குறைவு, ஐ.எஸ்.ஓ.வை 1600க்கு ஏற்ற வேண்டியிருக்கும். தத்தித் தத்திப் போகும் குருவி இடையிடையே அசையாமல் நிற்கும். அப்போது 1/125 நொடியிலும் கண் கூர்மையாக விழும். ஃபிளாஷ் வேண்டாம், கைப்பேசியில் அதன் குரலை ஒலிக்கவிட்டு அழைப்பதும் வேண்டாம்.

சித்திரை பிறக்கும் சமயத்தில் குருவி வடக்கே கிளம்பிவிடும். முதல் படத்தின் தேதியையும் கடைசிப் படத்தின் தேதியையும் நாள்காட்டியில் குறித்து வையுங்கள். அடுத்த ஆண்டு நாற்காலியை எப்போது பின்வாசலுக்கு நகர்த்த வேண்டும் என்பதற்கு அதுதான் கணக்கு.