கொடும்பாளூர் இல்லாமல் கடாரம் ஏது?

"இந்தியா எப்ப சார் வல்லரசாகும்?"

ஆபீஸ் கேன்டீனில் வடை ஆறிப் போகும் வரை அலசப்படுகிற கேள்வி இது. 2020-ல் ஆகிவிடும் என்றார்கள். 2020-ல் வந்தது கொரோனா. சரி, அது போகட்டும். இந்த விவாதத்தில் கடைசியாக ஒருத்தர் கண்டிப்பாக எழுந்து, "அட போங்க சார், நம்ம ராஜேந்திர சோழன் ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே கப்பல்ல போய்க் கடாரத்தை அடிச்சவன்!" என்று டேபிளைத் தட்டுவார்.

அடித்தது நிஜம். வருடம் 1025. ஆனால் எப்படி முடிந்தது என்று கேட்டால், "வீரம் சார், வீரம்!" என்பதோடு பேச்சு நின்று விடும். வீரம் பாண்டியனிடம் இல்லையா? சேரனிடம் இல்லையா? அவர்கள் ஏன் கடாரம் வரை போகவில்லை?

இதற்குப் பதில் தேடித் தஞ்சாவூருக்குப் போக வேண்டாம். புதுக்கோட்டை மாவட்டத்துக்கு வாருங்கள்.

விராலிமலைக்குப் பக்கத்தில் கொடும்பாளூர். 'பொன்னியின் செல்வன்' படித்தவர்களுக்கு வானதி ஊர் என்றால் பளிச்சென்று புரியும். இன்றைக்குப் போனால் மூவர் கோயில் இருக்கிறது. பெயர்தான் மூவர், நிற்பது இரண்டு கோயில்கள், மூன்றாவதற்கு அடித்தளம் மட்டும் மிச்சம். கட்டியவர் பூதி விக்கிரமகேசரி. தன் பெயரில் ஒன்று, இரண்டு மனைவிகள் பெயரில் ஆளுக்கொன்று. (இரண்டு பேருக்கும் சமமாகக் கட்டிவிட்டார். விவரமான மனுஷன்!)

அங்கே உள்ள சம்ஸ்கிருதக் கல்வெட்டு, விக்கிரமகேசரியின் குடும்ப ஜாதகத்தையே கொடுக்கிறது. அவருடைய அம்மா அனுபமா, சோழ இளவரசி. கொடும்பாளூர்ப் பெண் பூதி ஆதிச்ச பிடாரியோ சோழ இளவரசன் அரிகுலகேசரிக்கு வாழ்க்கைப்பட்டவள். அதாவது பெண் கொடுத்துப் பெண் எடுத்த சம்பந்தம். பாண்டிய நாட்டுக்கும் காவிரிக்கும் நடுவே, படை போகிற வழியில் உட்கார்ந்திருக்கிற ஊர் இது. சிலப்பதிகாரத்திலேயே மதுரைக்குப் போகிற பாதையில் கொடும்பை வருகிறது. அந்த வாசலைச் சொந்தக்காரன் காவல் காத்தால் தஞ்சாவூரில் ராஜா நிம்மதியாகத் தூங்கலாம்.

சொந்தம் கல்யாணச் சாப்பாட்டோடு நிற்கவில்லை. 949-ல் தக்கோலத்தில் ராஷ்டிரகூடர்களிடம் சோழர்கள் வாங்கிய அடி சாதாரணமானதல்ல. பட்டத்து இளவரசன் ராஜாதித்தன் யானை மேலேயே செத்தான். வடக்கே ஏகப்பட்ட நாடு போயிற்று. "சோழன் கதை முடிஞ்சுது" என்று ஊரே பேசியிருக்கும். அந்த நேரத்தில் கொடும்பாளூர்க்காரர்கள் கட்சி மாறவில்லை. சுந்தர சோழனுக்காக வீரபாண்டியனோடு சண்டை போட்டார்கள். பராந்தகன் சிறிய வேளான் ஈழத்துக்கே படை கொண்டு போய் அங்கேயே மாண்டார். 'ஈழத்துப் பட்ட' என்று கல்வெட்டு அவரைக் குறிக்கிறது.

அந்தப் படையெடுப்பு தோல்விதான். அடுத்த தலைமுறையில் ராஜராஜன் அதே ஈழத்துக்குப் போய் ஜெயித்தான். நாம் ஜெயித்தவன் பெயரைத்தான் பஸ் கம்பெனிக்கு வைக்கிறோம்!

சரி, படை போக வேண்டுமென்றால் சோறு வேண்டுமே? காவிரி நெல் இருந்தது. ஆனால் நெல் விளைந்தால் மட்டும் போதாது. யார் நிலம் எவ்வளவு, வரி எவ்வளவு என்று கணக்கு வேண்டும். ராஜராஜன் கி.பி. 1000-ஐ ஒட்டி நாடு முழுக்க நிலத்தை அளக்க வைத்தான். பைசாவுக்குக் கணக்கு பார்க்கிற நம்ம ஆடிட்டர்கள் அந்தப் பின்னங்களைப் பார்த்தால் மயங்கி விழுவார்கள். தஞ்சைப் பெரிய கோயில் சுவர் முழுக்க யார் எத்தனை ஆடு கொடுத்தார், எந்த விளக்குக்கு எவ்வளவு நெய் என்பது வரை எழுதி வைத்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால், கடாரம் போன கப்பலுக்கு முதல் பலகை அடித்தது தச்சன் அல்ல, கணக்குப்பிள்ளை!

மூன்றாவது ஆசாமி வியாபாரி. புதுக்கோட்டையிலிருந்து திருச்சி போகிற வழியில் நார்த்தாமலை. நகரத்தார் மலை என்பதுதான் நார்த்தாமலை ஆயிற்று என்பார்கள். சோழர் காலத்தில் வணிக நகரம். தெலுங்க குலகாலபுரம் என்று ராஜராஜனின் பட்டப் பெயரையே சூட்டியிருந்தார்கள். மாவட்டத்தில் பெரிய ஜீவநதி கிடையாது. வெள்ளாற்றில் தண்ணீர் பார்ப்பதே அதிசயம். ஏரி, கண்மாய்தான் கதி. அப்படிப்பட்ட வறண்ட மண்ணில் மணிக்கிராமத்தாரும் ஐந்நூற்றுவரும் வியாபாரம் பண்ணியிருக்கிறார்கள். கொடும்பாளூர் மணிக்கிராமம் கல்வெட்டுகளில் பேர் வாங்கிய கம்பெனி!

இந்த வணிகர்கள் ராஜாவுக்கு முன்னாலேயே கடல் தாண்டிவிட்டார்கள். தாய்லாந்தில் தக்குவாபா என்ற இடத்தில் 9-ம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. ஒரு குளம் வெட்டி, அதை மணிக்கிராமத்தார் காவலில் ஒப்படைத்ததாகச் சொல்கிறது. ராஜேந்திரன் பிறப்பதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே அங்கே நம் ஆட்கள் இருந்திருக்கிறார்கள். ஆக, கடற்படை புது வழி கண்டுபிடிக்கவில்லை. வியாபாரி தேய்த்த தடத்தில் போயிற்று.

நேரமும் சேர்ந்து கொண்டது. 960-ல் சீனாவில் சோங் வம்சம் வந்தது, கடல் வணிகம் பெருகியது. அந்தப் பக்கம் எகிப்தில் பாத்திமிகள். நடுவில் மலாக்கா ஜலசந்தியில் ஸ்ரீவிஜயம். இரண்டு பெரிய கடைவீதிக்கு நடுவே சுங்கச்சாவடி போட்டவன் கதைதான். சோழத் தூதர்கள் 1015-ல் சீனா போய்ச் சேர்ந்தார்கள். பிறகு 1025-ல் ஸ்ரீவிஜயத்தின் மேல் படையெடுப்பு. சுங்கச்சாவடி தகராறும் இதற்கு ஒரு காரணம் என்று பல வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். 1077-ல் மறுபடி தூது: 72 பேர் போய், கொடுத்த பரிசுக்குப் பதிலாக 81,800 சரம் செப்புக்காசு வாங்கி வந்தார்கள். தூது என்று பேர். பில் போட்டு வாங்கிய மாதிரி இருக்கிறது!

டேபிள் தட்டுகிற நண்பரிடம் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இந்த எழுச்சிக்கு அடுத்தவன் கொடுத்த விலை உண்டு. 1017-ல் இலங்கை அரசன் ஐந்தாம் மகிந்தனைச் சிறைபிடித்துக் கொண்டு வந்தார்கள். திரும்பிப் போகாமலே இங்கேயே செத்தான். சோழர்கள் புத்த விகாரைகளில் புகுந்து கொள்ளையடித்ததைச் சூளவம்சம் ஆத்திரத்தோடு எழுதி வைத்திருக்கிறது. நமக்கு மெய்க்கீர்த்தி; அவர்களுக்கு ஒப்பாரி. பிரிட்டிஷ்காரன் கொள்ளையடித்தான் என்று நாம் கொதிக்கிற அதே நியாயம் அநுராதபுரத்துக்காரனுக்கும் இருக்கத்தானே செய்யும்?

பிரிட்டிஷ்காரனும் முதலில் கணக்குப் புத்தகத்தோடுதான் வந்தான். அவனுக்கும் உள்ளூரில் ஒரு கொடும்பாளூர் தேவைப்பட்டது. அந்த வேலையைப் பார்த்தவர்களில் இதே மண்ணை ஆண்ட தொண்டைமான்களும் உண்டு. அதனால்தான் 1948 வரை புதுக்கோட்டை தனி சமஸ்தானமாக இருந்தது.

சோழர்களின் கடைசி ராஜா மூன்றாம் ராஜேந்திரனின் கதை 1279-ல் முடிந்தது. சீனாவில் சோங் வம்சமும் அதே வருடம் ஒழிந்தது. தூது அனுப்பியவனும் இல்லை, வாங்கியவனும் இல்லை. ஆனால் சீனத்துச் சுவான்ஜோ துறைமுகத்தில் தமிழில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. அங்கே எழுப்பிய சிவன் கோயிலைப் பற்றியது. அதிலுள்ள வருடம் 1281.