எங்கள் காசில் எங்கள் கதை

எங்கள் ஊர் மாதர் சங்கக் கூட்டம் ஒவ்வொரு மாதமும் முதற் சனிக்கிழமை நடைபெறும். சேமிப்புக் கணக்கை வாசித்து, கடன் கேட்டவர்களின் பெயர்களை எழுதி முடித்த பின்னர் எல்லோரும் தேநீர் குடிப்போம். சென்ற மாதம் அப்படித் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு பிள்ளை என்னருகே வந்து மெதுவாகக் கேட்டாள்.

"அன்ரி, படம் எடுக்கிறதுக்கும் அரசாங்கம் காசு குடுக்குமாம். உண்மையோ?"

அவளுக்கு இருபத்துமூன்று வயது. தகப்பன் 2009இல் காணாமற் போனவர். தாய் கச்சான் வறுத்து விற்று அவளையும் தம்பியையும் படிப்பித்தவர். கைத்தொலைபேசியில் பத்து நிமிடக் குறும்படம் ஒன்றை எடுத்து முடித்திருக்கிறாள். இனித் தாயின் கதையை முழுநீளப் படமாக எடுக்க வேண்டும் என்பது அவளது ஆசை.

தாயும் பக்கத்தில்தான் இருந்தார். "அக்கா, நீங்களாவது இவளுக்குச் சொல்லுங்கோ. எங்கட வீட்டுக்கு இன்னும் பூச்சு வேலை முடியேல்லை. சனம் சீவியத்துக்குக் கஷ்டப்படேக்கை ஆர் படத்துக்குக் காசு குடுக்கிறது?" என்றார்.

இருவர் கேட்டதும் நியாயமான கேள்விகள். அன்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எனக்குப் பதினொரு வயதாக இருந்தபோது, 1978இல், அம்மா என்னை 'வாடைக்காற்று' பார்க்கக் கூட்டிச் சென்றார். செங்கை ஆழியானின் நாவலைத் தழுவி பிரேம்நாத் மொறாயஸ் இயக்கிய படம் அது. அதுவரை நாங்கள் பார்த்தவையெல்லாம் இந்தியப் படங்கள். திரையில் கடற்றொழிலாளர் பேசத் தொடங்கியதும் அம்மா என் கையைப் பிடித்து, "எங்கட சனம் கதைக்கிற மாதிரியெல்லோ கதைக்கினம்!" என்றார். அவரும் கடற்கரையில் பிறந்து வளர்ந்தவர். தன்னைப் போன்றவர்களைத் திரையில் அவர் கண்டது அதுவே முதற்தடவை.

அந்தக் காலத்தில் அப்படியான படங்கள் வெளிவந்தமைக்குக் காரணம் இருந்தது. 1972க்கு முன்னர் படங்களை இறக்குமதி செய்வது, விநியோகிப்பது, திரையிடுவது எல்லாம் பெரும்பாலும் சில தனியார் கம்பனிகளின் கையிலேயே இருந்தன. இந்தியப் படங்கள் தாராளமாக வந்தபடியால் உள்நாட்டுப் படத்துக்குத் திரையரங்கு கிடைப்பதே சிரமம். 1971ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்டு 1972இல் இயங்கத் தொடங்கியது. இறக்குமதியும் விநியோகமும் அதன் பொறுப்பில் வந்தன. உள்நாட்டுப் படத் தயாரிப்பாளருக்குக் கடன் வழங்கும் திட்டமும் வந்தது. திரைக்கதையை ஒரு குழு வாசித்து ஏற்றுக்கொண்டால் கடன் பெறலாம்.

அதன் பின்னர் சிங்களத் திரைப்படம் நன்றாக வளர்ந்தது. தமிழ்ப் படங்களும் 1970களின் பிற்பகுதியில் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1977இல் வெளிவந்த 'பொன்மணி' அவற்றுள் ஒன்று. காவலூர் இராசதுரை எழுத, சிங்கள இயக்குநரான தர்மசேன பத்திராஜ இயக்கினார். சீதனத்தாலும் சாதியாலும் யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்றின் பெண்பிள்ளைகள் படும் துயரமே கதை. இன்றும் நாம் பேசத் தயங்கும் விடயத்தை அன்றே திரையில் காட்டினார்கள்.

ஆனால் 'பொன்மணி' அதிக நாட்கள் ஓடவில்லை. இங்கேதான் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடன் என்பது கடன்தான். நாங்கள் சங்கத்தில் ஆடு வாங்கக் கடன் எடுத்தால், ஆடு குட்டி போட்டாலும் போடாவிட்டாலும் தவணை கட்ட வேண்டும் அல்லவா? படமும் அப்படியே. சிங்களப் படம் நாடு முழுவதும் ஓடிக் காசைத் திரும்பக் கொண்டுவரலாம். தமிழ்ப் படத்தின் பார்வையாளர் தொகை சிறியது. அந்தச் சிறிய தொகையினரையும் இந்தியப் படத்துடன் பங்குபோட வேண்டும். ஆகவே எல்லோருக்கும் ஒரே சட்டம் என்று இருந்தாலும் பலன் ஒரே மாதிரி வந்து சேராது.

பின்னர் 1983 யூலை வந்தது. ஹெந்தளையில் இருந்த விஜயா ஸ்ரூடியோ எரிக்கப்பட்டது. இயக்குநர் கே. வெங்கட் கொல்லப்பட்டார். தமிழ்ப் படங்களின் பிரதிகளும் தீக்கு இரையாகின. தொடர்ந்து வந்த யுத்த காலத்தில் எங்கள் பகுதியில் மின்சாரமே இருக்கவில்லை. வீட்டுக்கு வீடு காசு சேர்த்து, ஜெனரேற்றரும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, விடிய விடிய இந்தியப் படம் பார்த்தது பலருக்கு நினைவிருக்கும். எங்கள் கதையைச் சொல்லும் படம் அந்தப் பெட்டிக்குள் இருக்கவில்லை.

மற்ற நாடுகள் என்ன செய்கின்றன? பிரான்ஸில் 1946இல் தேசிய சினிமா நிலையத்தை அமைத்தார்கள். அங்கு விற்கப்படும் ஒவ்வொரு ரிக்கற்றிலும் நூற்றுக்குப் பத்துக்குச் சற்றுக் கூடிய பங்கு படங்களுக்கான நிதிக்குப் போகிறது. அமெரிக்கப் படம் பார்க்கப் போகிறவரின் ரிக்கற்றிலிருந்தும் அந்தப் பங்கு எடுக்கப்படுகிறது. அதனால் வெளிநாட்டுப் படம் எவ்வளவு ஓடினாலும் உள்நாட்டுப் படத்துக்கும் ஒரு பங்கு சேர்கிறது. சுவீடனின் திரைப்பட நிறுவகம் 2011க்குப் பின்னர், இயக்குநர்களுக்குப் போகும் பொதுப் பணத்தில் பாதி பெண்களுக்குச் சேர வேண்டும் என்பதை இலக்காக வைத்து வேலை செய்தது. காசு இருந்தால் மட்டும் போதாது, அது யாருக்குப் போகிறது என்றும் பார்க்க வேண்டும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள்.

தாயின் கேள்விக்குப் பதில் தேடியபோது பொஸ்னியாவின் கதை எனக்கு உதவியது. அங்கு 1992 முதல் 1995 வரை யுத்தம் நடந்தது. ஆயிரக்கணக்கான பெண்கள் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கப்பட்டார்கள். சரயேவோ நகரில் அந்த யுத்தத்துக்குள் வளர்ந்த யஸ்மிலா ஸ்பானிச் என்ற பெண் 2006இல் 'கிர்பாவிட்சா' என்ற படத்தை இயக்கினார். பொஸ்னியா, ஒஸ்ரியா, ஜேர்மனி, குரோஷியா ஆகிய நாடுகளின் கூட்டுத் தயாரிப்பு அது. பொதுத் திரைப்பட நிதியங்களின் பணமும் அதில் சேர்ந்திருந்தது.

கதை எளிமையானது. ஒரு தாய், பன்னிரண்டு வயது மகள். பாடசாலைச் சுற்றுலாவுக்குப் பணம் கட்ட வேண்டும். தகப்பன் போரில் வீரமரணம் அடைந்தவர் என்ற சான்றிதழைக் காட்டினால் சலுகை உண்டு. மகள் அந்தச் சான்றிதழைக் கேட்கிறாள். தாயிடம் அது இல்லை. மகள் பிறந்தது எப்படி என்ற உண்மையைத் தாய் அத்தனை காலமும் மறைத்து வைத்திருக்கிறாள். ஒரு சான்றிதழுக்காகக் கந்தோர் கந்தோராக அலைந்த எமக்கு இந்தக் கதையை யாரும் விளக்கத் தேவையில்லை.

அந்தப் படம் பேர்லின் திரைப்பட விழாவில் தங்கக் கரடி விருதைப் பெற்றது. அதனோடு அவர்கள் நிற்கவில்லை. பாதிக்கப்பட்ட பெண்கள் அமைப்புகள் நீண்ட காலம் கேட்டுவந்த கோரிக்கையை முன்வைத்து, படக்குழுவினர் மக்களிடம் கையொப்பம் சேகரித்தார்கள். அதே 2006இல் பொஸ்னிய - ஹெர்சகோவினக் கூட்டாட்சிப் பகுதியில் சட்டம் திருத்தப்பட்டது. அந்தப் பெண்கள் யுத்தத்தால் பாதிக்கப்பட்ட பொதுமக்களாக ஏற்றுக்கொள்ளப்பட்டு, மாதாந்தக் கொடுப்பனவுக்கு உரித்துடையவர்கள் ஆனார்கள்.

படம் மட்டுமே அதைச் செய்தது என்று நான் சொல்லவில்லை. பல வருடங்களாகக் குரல் கொடுத்த பெண்களே அதைச் செய்தார்கள். ஆனால் அதுவரை காது கொடுக்காதவர்களையும் அந்தப் படம் கேட்க வைத்தது. வீட்டுக்குப் பூச்சா, படமா என்று கேட்டால் நானும் பூச்சு என்றுதான் சொல்வேன். ஆனால் எங்களுக்குக் கேட்கத் தெரியவில்லை என்பதற்காகப் படத்துக்கு ஒதுக்கிய காசு பூச்சுக்கு வரப்போவதில்லை. அது இன்னொருவரின் கதைக்குப் போகும். அதுவும் எங்கள் வரியிலிருந்து சேர்ந்த காசுதானே?

இந்த மாதக் கூட்டத்தில் இவற்றையெல்லாம் சொன்னேன். தேசிய திரைப்படக் கூட்டுத்தாபனம் என்ற பெயரில் அந்த நிறுவனம் இன்றும் இருக்கிறது. அதற்குச் சங்கத்தின் பெயரில் கடிதம் ஒன்று எழுதுவதாக முடிவு செய்தோம். புதியவர்களுக்கு இப்போது என்ன உதவி உண்டு, விண்ணப்பத்தைத் தமிழில் அனுப்பலாமா, கதையை வாசிக்கும் குழுவில் தமிழ் தெரிந்த பெண் ஒருவர் இருப்பாரா, எடுத்த படத்தை எங்கள் மாவட்டத்தில் திரையிட வழி உண்டா என்று நான்கு கேள்விகள். பிள்ளை எழுதினாள், நாங்கள் பதினேழு பேர் கையொப்பம் வைத்தோம். உங்கள் ஊரிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் அவளைத் தனியே எழுத விடாதீர்கள்.

தாயும் கையொப்பம் வைத்தார். பேனையைத் திருப்பித் தந்துவிட்டு மகளைப் பார்த்துச் சொன்னார்:

"எடுக்கிறதெண்டால் நான் கச்சான் வறுக்கேக்கை எடு. சும்மா இருத்தி வைச்சுக் கேட்டால் எனக்கு அழுகைதான் வரும். கை வேலையா இருந்தால் கதைப்பன்."