ஆபீஸ் இன்பாக்ஸ்ல 4,000 மெயிலா? உங்க பணத்தைத் தொடுற மெயில் எதுன்னு முதல்ல பிரிங்க!



உங்க ஆபீஸ் மெயில்ல படிக்காம கிடக்கிறது எத்தனை? 800? 4,000? உண்மையைச் சொன்னா, அதுல முக்கால்வாசியை நீங்க திறக்கவே இல்லைன்னாலும் ஒண்ணும் ஆகாது. ஆபத்து மீதிக் கால்வாசியில இருக்கு.

திங்கள்சந்தையில வாங்கிட்டு வர்ற சாமானை யோசிச்சுப் பாருங்க. அரிசி ஒரு மாசம் இருக்கும். மீனை அன்னைக்கே கழுவியாகணும். ரெண்டையும் ஒரே மூலையில போட்டா என்ன ஆகும்? இன்பாக்ஸ்ல நாம அதைத்தான் செய்றோம். அதனால யார் அனுப்பினாங்கன்னு பாத்துப் பிரிக்கிறதை விட, "இதுல கடைசித் தேதி இருக்கா, தவறினா எவ்வளவு போகும்?"னு பாத்துப் பிரிக்கிறதுதான் பலன் தரும்.

ஆபீஸ் மெயில்ல வர்ற "மீன்"கள்

1. முதலீட்டு ஆதாரம் கேட்டு பேரோல் டீம் அனுப்புற மெயில். பெரும்பாலும் டிசம்பர், ஜனவரியில வரும்.
2. வருஷ ஆரம்பத்துல பழைய வரி முறையா, புதுசான்னு கேட்டு வர்ற மெயில். பதில் சொல்லலைன்னா புது முறைப்படிதான் டிடிஎஸ் பிடிப்பாங்க.
3. குரூப் இன்ஷூரன்ஸ்ல கணவன், மனைவி, பிறந்த குழந்தையைச் சேர்க்கச் சொல்லி வர்ற மெயில். கெடு முடிஞ்சா பல கம்பெனிகள்ல அடுத்த ரினியூவல் வரை காத்திருக்கணும்.
4. ஃபார்ம் 16. கம்பெனி இதை ஜூன் 15-க்குள்ள தரணும்.

முதல் மெயில் தவறினா என்ன ஆகும்? 2024-25 நிதியாண்டுக் கணக்கையே எடுத்துக்குவோம். பழைய முறையில, 20% ஸ்லாப்ல இருக்கிற ஒருத்தர் 80சி-ல 1,50,000, என்பிஎஸ்-ல கூடுதலா 50,000 போட்டிருக்கார். ஆதாரம் கொடுக்கலை. 2,00,000-க்கு 20% வரி 40,000. 4% செஸ் 1,600. மொத்தம் 41,600 ரூபாய். இதை பிப்ரவரி, மார்ச் ரெண்டு மாசத்துல பிடிச்சா, மாசம் 20,800 ரூபாய் சம்பளத்துல குறையும். ரிட்டர்ன் போட்டா திரும்ப வாங்கலாம், சரி. ஆனா ரீஃபண்ட் வர்ற வரைக்கும் வாடகையும் இஎம்ஐயும் நிக்காதே! அந்த இடைவெளியை கிரெடிட் கார்டு வெச்சு சமாளிச்சா, வட்டி வேற.

இன்பாக்ஸ்ல இருக்கவே கூடாத மெயில்கள்

இரணியல் பக்கத்துல இருந்து திருவனந்தபுரம் டெக்னோபார்க், சென்னை, பெங்களூருன்னு வேலைக்குப் போற பிள்ளைங்க அதிகம். ரெண்டு மூணு வருஷத்துல கம்பெனி மாறுறதும் சகஜம். என்கிட்ட வந்த ஒரு தம்பியோட கதையைக் கேளுங்க.

ஜூலையில, கெடுவுக்குள்ளயே பழைய முறையில ரிட்டர்ன் போட்டுட்டார். வருமான வரி போர்ட்டல்ல கொடுத்தது ஆபீஸ் மெயில் ஐடி. போன் நம்பரும் கம்பெனி சிம். ஆகஸ்ட்ல வேலையை விட்டார். ரெண்டும் கட். அக்டோபர்ல, ரிட்டர்ன்ல குறை இருக்குன்னு 139(9) நோட்டீஸ் வந்தது. 15 நாள்ல சரிசெய்யணும். அவர் கண்ணுல அது படவே இல்ல. ரீஃபண்டை ஏன் காணோம்னு டிசம்பர்ல வந்தப்போ, ரிட்டர்ன் செல்லாததாகியிருந்தது.

தாமத ரிட்டர்ன் போடலாமேன்னு கேப்பீங்க. போடலாம், மொத்த வருமானம் 5 லட்சத்துக்கு மேலன்னா 5,000 ரூபாய் தாமதக் கட்டணம். அதை விடப் பெரிய அடி வேற: சம்பளக்காரங்க தாமத ரிட்டர்ன்ல பழைய முறையைத் தேர்வு செய்ய முடியாது. எச்ஆர்ஏ, 80சி எதுவும் கிடையாது. தாமதத்தை மன்னிக்கச் சொல்லி விண்ணப்பிக்க வழி உண்டு. கிடைக்கும்னு உத்தரவாதம் இல்ல.

"நான் மெயிலைத் திறக்கவே இல்லையே"ன்னு சொல்லித் தப்பிக்கறது கஷ்டம். 2000-ஆம் வருஷ தகவல் தொழில்நுட்பச் சட்டம் 13-ஆம் பிரிவுப்படி, நீங்க குறிப்பிட்டுக் கொடுத்த மெயில் பெட்டிக்குள்ள தகவல் நுழையிற நேரம்தான் பெற்றுக்கொண்ட நேரம்.

1961 வருமான வரிச் சட்டப்படி போட்ட ரிட்டர்ன்களுக்கு இந்தக் கெடுக்களை ஞாபகம் வெச்சுக்குங்க:

- ரிட்டர்ன் போட்டபிறகு இ-வெரிஃபை: 30 நாள்
- குறைபாடு நோட்டீஸ், 139(9): 15 நாள்
- கணக்குல திருத்தம் செய்யப் போறோம்னு வர்ற 143(1)(ஏ) மெயிலுக்குப் பதில்: 30 நாள்
- பழைய பாக்கியை ரீஃபண்ட்ல கழிக்கிறோம்னு வர்ற 245 மெயிலுக்குப் பதில்: 21 நாள்

இனி பிரிக்கிற வேலை

ஆபீஸ் மெயில்ல மூணு ஃபோல்டர் போதும். பதினஞ்சு ஃபோல்டர் போட்டா, எதுல போட்டோம்னு தேடவே நேரம் போயிரும்.

"தேதி உண்டு": கெடு இருக்கிற எல்லா மெயிலும் இங்க. இங்க போட்ட கையோட, கடைசித் தேதிக்கு மூணு நாள் முன்னாடி காலண்டர்ல ஒரு ரிமைண்டர் வைங்க. காலண்டர்ல ஏறாத வேலை நடக்காது.

"பதில் வரணும்": நீங்க கேட்டு, அடுத்தவங்க பதில் தர வேண்டியது. வெள்ளிக்கிழமை ஒரு தடவை பாத்துட்டு நினைவூட்டுங்க.

"ஆவணம்": பேஸ்லிப், ஃபார்ம் 16, சம்பள உயர்வு லெட்டர். ஆபீஸ் பாலிசி அனுமதிக்கிற வழியில, உங்க சொந்த ஆவணங்களை மட்டும் அப்பப்போ இறக்கி வெச்சுக்குங்க. ராஜினாமா பண்ணின அன்னைக்குத் தேடாதீங்க.

அடுத்து, உங்களை சிசி-ல மட்டும் போட்ட மெயில்களுக்கு ஒரு ரூல் போட்டு தனியா ஒதுக்குங்க. அவுட்லுக், ஜிமெயில் ரெண்டுலயும் இந்த வசதி இருக்கு. மீதியை நாளைக்கு மூணு தடவை, நேரம் குறிச்சுப் பாருங்க. ரெண்டு நிமிஷத்துல முடியிற பதிலை அப்பவே அனுப்பிருங்க.

சொந்தப் பணத்துக்கு சொந்த மெயில்

வருமான வரி போர்ட்டல், பேங்க், டீமேட், மியூச்சுவல் ஃபண்ட், இன்ஷூரன்ஸ்: இந்த அஞ்சுலயும் இருக்கிற மெயில் ஐடியும் போன் நம்பரும் உங்க சொந்தமானதுதானான்னு இன்னைக்கே பாருங்க. வரி போர்ட்டல்ல "மை ப்ரொஃபைல்" உள்ள போய் மாத்திக்கலாம், ஓடிபி வரும். அடுத்தவங்க ரிட்டர்ன் போட்டுத் தந்திருந்தா கட்டாயம் பாருங்க; அவங்க மெயில் ஐடி இருந்தாலும் இதே ஆபத்துதான்.

ஒரு எச்சரிக்கை: வரித்துறை பேர்ல போலி மெயிலும் வரும். லிங்க்கைத் தொடாதீங்க. 2019 அக்டோபர் 1 முதல் துறையின் கடிதங்கள்ல டின் என்கிற ஆவண அடையாள எண் இருக்கணும். நீங்களே போர்ட்டலுக்குப் போய் அந்த எண்ணைப் போட்டா, உண்மையா போலியான்னு தெரிஞ்சிரும்.

4,000 மெயிலையும் இன்னைக்கே படிக்க வேண்டாம். சர்ச்ல "பேரோல்", "ஃபார்ம் 16", "இன்ஷூரன்ஸ்", "கடைசித் தேதி"ன்னு ஆபீஸ்ல எழுதுற மாதிரியே இங்கிலீஷ்ல தேடுங்க. கிடைச்சதைப் பிரிச்சுட்டு, மூணு மாசத்துக்கு முந்தினதை எல்லாம் ஆர்க்கைவ் பண்ணிருங்க. அழியாது, தேவைப்பட்டா தேடி எடுக்கலாம். போர்ட்டல்ல மெயில் ஐடி மாத்துறதை ஸ்கிரீன்ல படிப்படியா நம்ம சேனல் வீடியோவுல காட்டியிருக்கேன். கம்பெனி மாறப் போற நண்பருக்கு இதை இப்பவே அனுப்புங்க, அவர் மெயில் பெட்டி மூடுறதுக்கு முன்னாடி.